பேட்டரியைக் கணக்குப் போடத் தெரிந்த சிமுலேட்டர் எது? கம்பியில்லா சென்சார் நெட்வொர்க்குக்கு ஒரு முழு வழிகாட்டி

சென்சார் நோடுகளில் (அளந்து, ரேடியோவில் அனுப்பும் பேட்டரிக் கருவிகள்) இருக்கும் சிசி2420 என்ற ரேடியோ சிப், முழு பவரில் ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது 17.4 மில்லி ஆம்பியர் இழுக்கும். எதுவும் அனுப்பாமல், யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் காத்திருக்கும்போது 18.8 மில்லி ஆம்பியர் இழுக்கும். பேசுவதைவிடக் கேட்பதற்கே செலவு அதிகம். சிசி2650 போன்ற பின்னாளில் வந்த சிப்களில் இரண்டுமே 6 மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிட்டன. ஆனால் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்பது அங்கேயும் அப்படியேதான்.

சிமுலேட்டரை (நெட்வொர்க்கைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே வருகிறது: சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை இந்தக் கருவி கணக்கில் எடுக்கிறதா? எடுக்காவிட்டால், மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் ஆற்றல் ஆய்வுக்கு அது உதவாது. எத்தனை நோடு தாங்கும், வரைபடம் அழகாக வருமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

“ஆற்றல் சிக்கனமான நெட்வொர்க் வேண்டும்” என்பதை வைத்துக்கொண்டு எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்க முடியாது. “நிமிடத்துக்கு ஒரு அளவீடு அனுப்பும் 40 நோடுகளில், சிங்க் நோடுக்குப் பக்கத்தில் இருப்பது எத்தனை நாள் தாங்கும்?” என்று எழுதினால் முடியும். (சிங்க் என்பது எல்லா அளவீடுகளும் வந்து சேரும் நோடு.) அந்த வரியில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: நோடுகளின் எண்ணிக்கை, அனுப்பும் இடைவெளி, எந்த அடுக்கை மாற்றப் போகிறீர்கள் (பாக்கெட் போகும் வழியைத் தேர்வுசெய்யும் ரூட்டிங்கா, ரேடியோ எப்போது பேசும், கேட்கும், உறங்கும் என்று முடிவுசெய்யும் மேக் நெறிமுறையா, நோடில் ஓடும் நிரலான ஃபர்ம்வேரா), ஆயுள் என்று எதைச் சொல்கிறீர்கள்.

கடைசி விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். முதல் நோடு சாகும் நேரம், பாதி நோடுகள் சாகும் நேரம், சிங்க் நோடுக்கு வழியே அற்றுப்போகும் நேரம் ஆகிய மூன்றையும் ‘நெட்வொர்க் ஆயுள்’ என்றே சொல்கிறார்கள். ஒரே ஓட்டத்தில் மூன்றுக்கும் மூன்று விடை வரும். எது உங்களுடையது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், நமக்குச் சாதகமானதை எடுக்கத்தான் பிறகு கை போகும்.

படி 2: முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

எந்தக் கருவியையும் நிறுவுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கிக் கைக்கணக்கு போடுங்கள். சூத்திரம் ஒன்றுதான்: சராசரி மின்னோட்டம் என்பது, ஒவ்வொரு நிலையின் மின்னோட்டத்தையும் அந்த நிலையில் கழியும் நேரப் பங்கால் பெருக்கிக் கூட்டியது.

எடுத்துக்காட்டாக, 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, சிசி2420 ரேடியோ. ரேடியோவை அணைக்கவே இல்லை என்றால் 2500 / 18.8 = 133 மணி நேரம், அதாவது ஐந்தரை நாள். நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் ரேடியோ விழித்திருந்தால் கேட்பதற்குச் சராசரி 0.188 மில்லி ஆம்பியர். ப்ராசஸர், உறக்கக் கசிவு எல்லாம் சேர்த்து 0.2 என்று வைத்தால் 12,500 மணி, ஏறத்தாழ 520 நாள்.

அனுப்புவதற்கு எவ்வளவு? இந்த ரேடியோக்களின் தரநிலையான 802.15.4-இல் 250 கிலோபிட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு 32 மைக்ரோ வினாடி. 40 பைட் ஃப்ரேமோடு (ரேடியோவில் போகும் ஒரு பாக்கெட்) பௌதிக அடுக்கு (ரேடியோ சிக்னலைக் கையாளும் பகுதி) சேர்க்கும் 6 பைட் சேர்ந்து 46 பைட், அதாவது 1.472 மில்லி வினாடி. நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினால் சராசரியில் 0.43 மைக்ரோ ஆம்பியர்தான் கூடும். கேட்பதற்கு ஆகும் 188 மைக்ரோ ஆம்பியருக்குப் பக்கத்தில் அது தூசு. உங்கள் திட்டம் பாக்கெட் அளவைக் குறைத்து மிச்சம் பிடிப்பது என்றால், இந்தக் காகிதமே அதை நிறுத்தச் சொல்லிவிடும், சிமுலேட்டர் தேவைப்படாது.

படி 3: கேள்விக்கு ஏற்ற கருவி

கான்டிக்கி-என்ஜியும் கூஜாவும். முன்னது சென்சார் நோடுகளுக்கான இயங்குதளம், பின்னது அதன் சிமுலேட்டர். (தண்ணீர் வைக்கும் கூஜா இல்லை, கான்டிக்கி ஓஎஸ் ஜாவா என்பதன் சுருக்கம்.) நிஜ நோடில் ஏற்றப்போகும் அதே சி நிரலை ஓட்டிப் பார்ப்பதுதான் இதன் பலம். ஃபர்ம்வேர், ஆர்பிஎல் (சென்சார் நெட்வொர்க்குக்கான ரூட்டிங் நெறிமுறை), டிஎஸ்சிஎச் (நேரத்தைத் துண்டுகளாக்கி, சேனல் மாற்றி அனுப்பும் மேக் முறை) அட்டவணை ஆகியவற்றை ஆராய்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் உள்ளே இரண்டு வகை மோட் (சிமுலேட்டருக்குள் இருக்கும் நோடு) இருப்பதைக் கவனியுங்கள். ‘ஸ்கை’ மோட் எம்எஸ்பி430 ப்ராசஸரை ஒவ்வொரு கட்டளையாகப் போலச்செய்கிறது. ப்ராசஸர் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை நம்பலாம். ‘கூஜா’ மோட் உங்கள் கணினியிலேயே நேரடியாக ஓடுகிறது. அதில் நிரல் ஓடச் சிமுலேஷன் நேரமே ஆகாது. ரேடியோ நேரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், ப்ராசஸர் ஆற்றலுக்குப் பயன்படுத்தினால் வரும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. ஸ்கை மோடில் வேறு தொல்லை: ஃபிளாஷ் 48 கிலோபைட், ரேம் 10 கிலோபைட். இன்றைய நிரல் அதில் அடங்காமல் லிங்க்கர் பிழை வருவது சாதாரணம். லாக் நிலையைக் குறைத்து, தேவையற்ற மாட்யூல்களை அணைத்து இடம் பண்ண வேண்டும். நோடுகள் கூடக்கூட வேகமும் படுத்துவிடும்.

ஓம்நெட்++ மேல் ஐநெட். ஓம்நெட்++ பொதுவான சிமுலேஷன் தளம், ஐநெட் அதன் மேல் ஓடும் நெட்வொர்க் மாடல்களின் தொகுப்பு. மேக் அடுக்கை மாற்றுபவர்களுக்கு, நூற்றுக்கணக்கான நோடுகளுக்கு ஏற்றது. பி-மேக், எக்ஸ்-மேக், எல்-மேக் என்ற மேக் நெறிமுறைகள் மூன்றும் தயாராக உள்ளன. சேமிப்பு, செலவு, அறுவடை (சூரிய ஒளி போன்றவற்றிலிருந்து ஆற்றல் எடுப்பது) என்று ஆற்றலுக்குத் தனித்தனி மாட்யூல்களும் உண்டு. கல்விக்கும் ஆய்வுக்கும் இலவசம். வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். எந்த ஓம்நெட்++ பதிப்புக்கு எந்த ஐநெட் பதிப்பு பொருந்தும் என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். பொருந்தாத ஜோடியைக் கம்பைல் செய்ய முயன்று நாட்களை இழப்பவர்கள் நிறைய.

கஸ்டாலியா. இதுவும் ஓம்நெட்++ மேல்தான், பழைய பதிப்புகளின் மேல். சென்சார் நெட்வொர்க்குக்கும் உடலில் அணியும் நெட்வொர்க்குக்கும் என்றே எழுதப்பட்டது. இதன் ரேடியோ, சேனல் மாடல்கள் இன்றும் மதிக்கத்தக்கவை. வளர்ச்சி நின்றுபோனதால் புதிய கணினியில் நிறுவுவது பாடு. பழைய இயங்குதளத்தை ஒரு கன்டெய்னரில் (கணினிக்குள் தனியாக ஓடும் சூழல்) வைத்து ஓட்டுவதே நிம்மதி.

என்எஸ்-3. முதல் வெளியீடு 2008. முழுக்கத் திறந்த மூலம். ஐபி, 6லோபான் (802.15.4 மேல் ஐபிவி6), கேட்வே, வைஃபை, செல்லுலார் எல்லாம் கலந்த நெட்வொர்க்குக்கு இதுதான் பொருத்தம். ஆனால் ஆற்றல் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. வைஃபை ரேடியோவுக்கு ஆற்றல் மாடல் தயாராக இருக்கிறது, 802.15.4 மாட்யூலுக்கு நீங்களே கட்ட வேண்டியிருக்கும். ரேடியோவின் நிலை மாற்றத்தைச் சொல்லும் டிரேஸில் (நிகழ்வை அறிவிக்கும் வசதி) ஒரு ஃபங்ஷனை மாட்டி, ஒவ்வொரு நிலைக்கும் உரிய மின்னோட்டத்தை எளிய சாதன ஆற்றல் மாடலுக்குக் கொடுத்தால் போதும். ஐம்பது வரி வேலை. அதற்குச் சோம்பல்பட்டு வைஃபை மாடலையே சென்சார் நோடில் மாட்டிவிடுபவர்கள் உண்டு. அதன் இயல்பு மதிப்பில் சும்மா இருக்கும் நிலைக்கு 273 மில்லி ஆம்பியர். இயல்பான ஆற்றல் மூலம் 10 ஜூல், 3 வோல்ட். ஒரு பாக்கெட்கூட அனுப்பாமல் 12 வினாடியில் நோடு செத்துவிடும்.

மேட்லாப் அல்லது பைதான். கிளஸ்டர் (நோடுக் குழு) தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, நோடுகளை எங்கே வைப்பது போன்ற கேள்விகளுக்கு, நெறிமுறை விவரம் தேவைப்படாத இடத்தில், இது போதும். வேகம் அதிகம். இதன் ஆபத்தைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

லோராவான் (குறைந்த ஆற்றலில் நெடுந்தூரம் அனுப்பும் நெட்வொர்க்) என்றால் ஐநெட் மேல் ஓடும் ஃப்ளோரா, அல்லது என்எஸ்-3-இன் லோராவான் மாட்யூல். டிஎஸ்சிஎச் அட்டவணையை மட்டும் பெரிய அளவில் சோதிக்க, பைதானில் எழுதப்பட்ட 6டிஷ் சிமுலேட்டர். என்எஸ்-3-க்கு முந்திய என்எஸ்-2-ஐப் புதிதாகத் தொடங்க வேண்டாம். அதன் கடைசி வெளியீடு 2011. டைனிஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தின் சிமுலேட்டரான டாஸிம் ஆற்றலையே கணக்கிடாது. அதற்குத் தனி இணைப்பு வேண்டியிருந்தது. டைனிஓஎஸ் நிரல் ஏற்கெனவே கையில் இருந்தால் தவிர அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

படி 4: கருவியோடு வரும் எண்களை அப்படியே நம்பாதீர்கள்

நல்ல கருவியை எடுத்துவிட்டுத் தப்பான விடைக்குப் போகும் வழி இதுதான். கஸ்டாலியாவையே கிட்டப்போய்ப் பார்ப்போம்.

அதன் சிசி2420 ரேடியோ கோப்பில் கேட்பதற்கு 62 மில்லி வாட், முழு பவரில் அனுப்புவதற்கு 57.42 மில்லி வாட். இவை 18.8, 17.4 மில்லி ஆம்பியரை 3.3 வோல்ட்டால் பெருக்கியவை. உங்கள் நோடு 3 வோல்ட்டில் ஓடினால் அங்கேயே பத்து சதவீதம் கூடுதல். அடுத்து, உறக்க நிலைக்கு 1.4 மில்லி வாட் என்று இருக்கிறது. 3.3 வோல்ட்டில் அது ஏறத்தாழ 426 மைக்ரோ ஆம்பியருக்குச் சமம். சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) அது ‘ஐடில்’ நிலை. ஆழ்ந்த உறக்கமான ‘பவர்-டவுன்’ நிலைக்கு அதே டேட்டாஷீட் 20 மைக்ரோ ஆம்பியர் என்கிறது, அதாவது 0.066 மில்லி வாட். இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இன்னும் முடியவில்லை. ஆற்றல் கணக்கை வைத்திருக்கும் ரிசோர்ஸ் மேனேஜர் பகுதியில் நோடின் அடிப்படைச் செலவு 6 மில்லி வாட், தொடக்க ஆற்றல் 18,720 ஜூல். ரேடியோவை நிரந்தரமாக உறங்க வைத்தால்கூட 6 + 1.4 = 7.4 மில்லி வாட் போய்க்கொண்டே இருக்கும். 18,720-ஐ 0.0074-ஆல் வகுத்தால் 29 நாள். எவ்வளவு சிக்கனமான மேக் நெறிமுறையை எழுதினாலும் 29 நாளைத் தாண்டவே முடியாது. இரண்டு நெறிமுறைகளுக்கும் ஆயுள் ஏறத்தாழ ஒன்றாக வருகிறதே என்று குழம்புபவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

ஐநெட்டிலும் இதே எச்சரிக்கை. அங்கே இயல்பு மதிப்புகளில் சும்மா கேட்பது அனுப்புவதைவிடப் பல மடங்கு மலிவாக இருக்கும். நிஜ சிப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. எனவே எந்தக் கருவியானாலும், உங்கள் சிப்பின் டேட்டாஷீட்டிலிருந்து ஏழு எண்களை எடுத்து ஒரு தாளில் எழுதி, அவற்றையே உள்ளிடுங்கள்: அனுப்பும் மின்னோட்டம் (நீங்கள் பயன்படுத்தும் பவர் அளவுக்கு), பெறும் மின்னோட்டம், ஐடில், ஆழ்ந்த உறக்கம், நிலை மாறும் நேரம், ப்ராசஸர் ஓடும்போது, ப்ராசஸர் உறங்கும்போது. சென்சாரின் செலவை எட்டாவதாகச் சேருங்கள். வாயு சென்சார் போன்றவை சூடேற்றும் கம்பிக்கே ரேடியோவைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும். அங்கே ரேடியோவை மெருகேற்றிப் பயனில்லை.

மேட்லாப் கோடும் அரை ஜூல் பேட்டரியும்

கிளஸ்டர் நெறிமுறைகளுக்கு வழக்கமாக எடுக்கும் மாடலில் எலக்ட்ரானிக்ஸுக்கு ஒரு பிட்டுக்கு 50 நானோ ஜூல், ஆம்ப்ளிஃபயருக்குத் தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப 10 பிக்கோ ஜூல், 87 மீட்டருக்கு மேல் நான்காம் அடுக்குக்கேற்ப 0.0013 பிக்கோ ஜூல், நோடுக்கு 0.5 ஜூல். 100 மீட்டர் சதுரத்தில் 100 நோடு. லீச் என்ற கிளஸ்டர் நெறிமுறையோடு பரவிய அமைப்பு இது, இன்றும் நகலெடுக்கப்படுகிறது.

இதில் கேட்டுக்கொண்டிருக்கும் செலவு பூஜ்யம். அதைச் சேர்த்துப் பாருங்கள்: சிசி2420 3 வோல்ட்டில் கேட்கும்போது 56.4 மில்லி வாட். அரை ஜூல் 9 வினாடிக்குள் தீர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான சுற்று (ஒருமுறை தலைவரைத் தேர்ந்து தரவு அனுப்பும் காலம்) ஓடியதாகக் காட்டும் வரைபடத்துக்குப் பக்கத்தில் இந்த ஒன்பது வினாடியை வைத்துப் பாருங்கள். பவரைக் குறைத்தால் செலவு சரியும் என்ற அனுமானமும் நிற்காது. சிசி2420-இல் பவரை 0 டிபிஎம்மிலிருந்து (ரேடியோ சக்தியின் லாகரிதம் அளவு) மைனஸ் 25 டிபிஎம்முக்கு இறக்கினால் வெளியே போகும் சக்தி 316 மடங்கு குறைகிறது, மின்னோட்டம் 17.4-லிருந்து 8.5-க்குத்தான் வருகிறது.

மேட்லாப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை வினாடி என்று நிர்ணயித்து, டியூட்டி சைக்கிள் (ரேடியோ விழித்திருக்கும் நேரப் பங்கு) படி கேட்கும் செலவையும் உறக்கச் செலவையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் முறை முன்னே நின்றால் அந்த முடிவு எடுத்துப் பேசத்தக்கது.

படி 5: இரண்டு நோடு சோதனை

தேர்ந்தெடுத்த கருவியில் பெரிய நெட்வொர்க்கைக் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு அனுப்புநர், ஒரு பெறுநர், பக்கத்துப் பக்கத்தில். உறக்கமே இல்லாத மேக். ஒப்புகையும் (பாக்கெட் கிடைத்தது என்ற பதில்) மறுஅனுப்பலும் அணைத்தது. 10 வினாடிக்கு ஒரு 40 பைட் ஃப்ரேம், 1000 வினாடி, 3 வோல்ட்.

கையால் வர வேண்டிய விடை: அனுப்புநர் 100 ஃப்ரேமுக்கு 147.2 மில்லி வினாடி அனுப்புகிறது, 52.2 மில்லி வாட்டால் பெருக்கினால் 7.68 மில்லி ஜூல். மீதி நேரமெல்லாம் கேட்டல், 56.4 ஜூல். ரேடியோ மொத்தம் ஏறத்தாழ 56.4 ஜூல்.

இப்போது கருவி என்ன சொல்கிறது என்று பாருங்கள். மொத்தமே சில மில்லி ஜூல் என்றால் கேட்கும் நேரம் கணக்கில் இல்லை. அனுப்பிய பங்கு 6.68 மில்லி ஜூல் என்று வந்தால், பௌதிக அடுக்கின் 6 பைட்டை விட்டுவிட்டது. சரியாக இரண்டு மடங்கு வந்தால் இரண்டு ஆற்றல் மாடலை ஒரே நோடில் மாட்டியிருப்பீர்கள், அல்லது இரண்டு நோடுகளையும் கூட்டியிருப்பீர்கள். ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் பொருந்தும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

கான்டிக்கி-என்ஜியில் இந்தக் கணக்கை எனர்ஜெஸ்ட் என்ற பகுதி செய்கிறது. அது தருவது நேரத்தைத்தான், ஜூலை அல்ல. நீங்கள்தான் மின்னோட்டத்தாலும் வோல்ட்டாலும் பெருக்க வேண்டும். மதிப்பைப் படிப்பதற்கு முன் ஃப்ளஷ் செய்யாவிட்டால், நடப்பில் இருக்கும் நிலையின் நேரம் சேராமல் போகும். பழைய கான்டிக்கியில் இந்த எண்ணி 32 பிட். ஸ்கை மோடில் வினாடிக்கு 32,768 டிக் என்பதால் 36 மணி நேரத்தில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்குப் போய்விடும். நீண்ட ஓட்டத்தில் ஆற்றல் திடீரென்று எதிர்மறையாகக் காட்டினால் காரணம் இதுதான்.

படி 6: சேனல்

எந்த பாக்கெட் யாருக்குச் சேரும் என்று முடிவு செய்வது சேனல் மாடல். ரேடியோவின் வட்டத்துக்குள் இருந்தால் நூறு சதவீதம் சேரும், வெளியே போனால் பூஜ்யம் என்ற மாடல் கூஜாவில் இயல்பாக வருவது. அதில் பாக்கெட் மோதல் தவிர வேறு எதனாலும் தொலைவதில்லை, மறுஅனுப்பல் குறைகிறது, ஆற்றல் நிஜத்தைவிடக் குறைவாகத் தெரிகிறது. உண்மையில் எல்லையோர இணைப்புகள் ஒரு நேரம் சேர்க்கும், ஒரு நேரம் கைவிடும். கள அளவீடு கையில் இருந்தால், கூஜாவின் திசைவழி வரைபட ஊடகத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் பெறும் விகிதத்தை நேரடியாகக் கொடுத்துவிடலாம்; அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் ஓம்நெட்++ அல்லது என்எஸ்-3-இல் லாக்-டிஸ்டன்ஸ் இழப்போடு (தூரம் கூடக்கூட சிக்னல் குறைவது), இடத்துக்கு இடம் மாறும் சில டெசிபெல் ஷேடோயிங்கையும் (தடைகளால் சிக்னல் மங்குவது) சேருங்கள்.

படி 7: எவ்வளவு நேரம், எத்தனை முறை

ஆர்பிஎல் ரூட்டிங்கின் கட்டுப்பாட்டுச் செய்திகள் ஆரம்பத்தில் அடிக்கடி போகும், பிறகு குறையும். கான்டிக்கியின் இயல்பு அமைப்பில் இடைவெளி 4.096 வினாடியில் தொடங்கி எட்டு முறை இரட்டிக்கிறது, 17.5 நிமிட இடைவெளியை எட்டவே 1044 வினாடி ஆகிறது. அரை மணி நேரம் ஓட்டி எல்லாவற்றையும் சராசரி எடுத்தால், பாதிக்கு மேல் ஆரம்பக் கூச்சலைத்தான் அளந்திருப்பீர்கள். முதல் 20 முதல் 30 நிமிடத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தை அளந்து, நோடு வாரியான சராசரி வாட்டைக் கொண்டு பேட்டரியை வகுங்கள். பல மாதச் சிமுலேஷன் தேவையில்லை. மிச்ச ஆற்றலைப் பார்த்து வழியை மாற்றும் நெறிமுறை மட்டும் விதிவிலக்கு. அதை முழுதாகத்தான் ஓட்ட வேண்டும். நேரம் மிச்சப்படுத்தப் பேட்டரியைச் சின்னதாக்கினால், தொடக்கச் செலவின் பங்கு ஊதிப்போய் முடிவே தலைகீழாகலாம்.

ஒவ்வொரு அமைப்பையும் 30 வெவ்வேறு சீடுகளோடு (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பு) ஓட்டுங்கள். 95 சதவீத நம்பக எல்லை: சராசரி ± 2.045 × திட்ட விலக்கம் / √30. இரண்டு நெறிமுறைகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே 30 சீடுகள் இருக்கட்டும். ஓம்நெட்++-இல் சீடை ஓட்ட எண்ணோடு இணைக்காமல் மறுமுறை எண்ணோடு இணைத்தால் இது தானாக நடக்கும். என்எஸ்-3-இல் சீடை அப்படியே வைத்து ரன் எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

படி 8: ஒரே ஒரு நிஜ நோடு

கடைசியில் ஒரு நோடையாவது மேசையில் வைத்து அளக்காமல் முடிக்காதீர்கள். நோடின் மின் பாதையில் 1 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக மாட்டி, அதன் இரு முனைகளையும் ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். 20 மில்லி ஆம்பியருக்கு 20 மில்லி வோல்ட் தெரியும். 10 ஓம் போட்டால் அலை தெளிவாக இருக்கும், ஆனால் 200 மில்லி வோல்ட் அங்கேயே விழுந்து, பேட்டரி தளர்ந்திருந்தால் நோடு ரீசெட் ஆகலாம். மைக்ரோ ஆம்பியர் உறக்க மின்னோட்டத்துக்கு இந்த முறை ஆகாது. அதற்கென்று இருக்கும் பவர் ப்ரொஃபைலர் கருவி வேண்டும்.

இரண்டு இடத்தில் சிமுலேட்டரும் மேசையும் முரண்படும். முதலாவது உறக்கம்: போர்டில் உள்ள ரெகுலேட்டர், எல்ஈடி, அணைக்க மறந்த யூஎஸ்பி சிப் ஆகியவை டேட்டாஷீட்டில் ப்ராசஸருக்குக் கொடுத்த எண்ணில் சேராது. ஸ்கை மோடின் நிஜ வடிவமான டிமோட் ஸ்கை போர்டுக்கே உறக்கத்தில் 5.1 மைக்ரோ ஆம்பியர் என்று சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் மீட்டர் அதற்குப் பல மடங்கு காட்டினால் ஃபர்ம்வேரைத் திருத்துவதற்கு முன் போர்டைப் பாருங்கள். இரண்டாவது பேட்டரியின் முடிவு: சிமுலேட்டரில் ஜூல் பூஜ்யமானால்தான் நோடு சாகும். சிசி2420 தன் உள் ரெகுலேட்டரோடு 2.1 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது. இரண்டு ஏஏ பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 1.05 வோல்ட்டுக்கு வந்ததுமே, உள்ளே மிச்சம் இருக்கும்போதே, ஆட்டம் முடிந்துவிடும். அந்த போர்டின் ப்ராசஸரான எம்எஸ்பி430எஃப்1611-இன் ஃபிளாஷில் எழுத 2.7 வோல்ட் வேண்டும். தரவைச் சேமிக்கும் நோடு அதற்கும் முன்னாலேயே தடுமாறத் தொடங்கும். எனவே பேட்டரியின் டிஸ்சார்ஜ் வளைவில் உங்கள் வெட்டு வோல்ட்டேஜ் (நோடு நின்றுபோகும் அளவு) எங்கே விழுகிறது என்று பார்த்து, அதுவரை கிடைக்கும் ஆற்றலை மட்டுமே சிமுலேட்டரில் தொடக்க ஆற்றலாகக் கொடுங்கள்.